அவருக்கு வந்தது சாமி அல்ல

முருகனடியார்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரியான அனுபவம் இல்லை இது. முருகன் எனக்கு உதவினான். ஆனால் என்னை ஏசவைத்து, அலையவைத்து, ஊர் பார்க்க என் மானத்தையும் வாங்கித்தான் உதவினான். அதை மறைத்து, பூவும் பொட்டும் வைத்து நான் எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

என் பெயர் சிவகௌரி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற குடும்பம். என் மாமனார் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர். என் வீட்டுக்காரர் அவருடைய இளைய மகன். எங்களுக்கு ஒரே பிள்ளை, கஜன். நான் சொல்லப்போவது நடந்தபோது அவனுக்குப் பதினாறு வயது.

என் வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. குடிகாரரும்தான். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எங்கள் ஊரில் பழக்கம். "நல்ல உழைப்பாளி, கொஞ்சம் பாவிப்பான்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தை எவரும் அளந்து பார்த்ததில்லை. அவர் பழகியது பதினைந்து வயதில். உழுது களைத்த பொடியனுக்கு அலுப்புத் தீரட்டும் என்று அவருடைய அப்பாவே கள் ஊற்றிக் கொடுத்தாராம். பிறகு இடம்பெயர்வு, முகாம், திரும்பி வந்து பற்றை வெட்டின காலம். கள் போய்ச் சாராயம் வந்தது. மாலையில் குடித்தவர் காலையிலும் குடித்தார். விடிந்து ஒரு மிடறு உள்ளே போகாவிட்டால் தேநீர்க் கோப்பை கையில் நிற்காது. சோறு குறைந்தது. கறியை மட்டும் நக்கிவிட்டு எழும்புவார்.

நான் செய்யாத நேர்த்தி இல்லை. வெள்ளிக்கிழமை விரதம், பாற்காவடி, சாமிக்குப் பின்னால் விழுந்து விழுந்து கும்பிட்டுப் போகிற அடியழித்தல், எல்லாம் செய்தேன். "முருகா, இந்த மனிதன் குடியை விடவேண்டும்" என்று கேட்டுக் கேட்டு என் நாக்குத்தான் தேய்ந்தது. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். பன்னிரண்டு காது உள்ளவனுக்கும் அதே நிலைமையா என்று அவனிடமே கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசியில் அந்தக் காதுகளில் ஒன்றில் விழுந்துவிட்டது போலத்தான் இருந்தது. மாரிமழையை நம்பி விதைக்கிற காலபோக விதைப்பு முடிந்திருந்தது. கந்தசஷ்டி வந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணர், நான் பெரியத்தான் என்று சொல்கிறவர், எங்கள் வாய்க்கால்கரை முருகன் கோயிலுக்குத் தலைவர். அவர் வீட்டுக்கு வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சஷ்டி பிடி. ஆறு நாளும் கோயில் மடத்தில முருகன்ர காலடியில கிட. பிறகு அந்தச் சனியனைத் தொடமாட்டாய்" என்றார்.

இவரும் ஓம் என்றார். தலையில் தண்ணீர் வார்த்து, காப்புக் கட்டிக்கொண்டு போய் மடத்தில் இருந்தார். பகலில் வெறும் தண்ணீர், பின்னேரம் ஒரு கோப்பை பால். சாராயம் ஒரு சொட்டு இல்லை. வேட்டியைத் தோய்த்து மடித்துக் கொடுத்தது நான்தான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல? வீட்டுக்கு வந்து குசினிக்குள் தனியே இருந்து அழுதேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கு வந்தது என்று சொல்வோம். பிள்ளையாரின் தம்பி முருகனைப் பிடிக்கப் போனாலும் அதே குரங்குதான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாளே கை நடுங்கியது. வேட்டி நனைய வியர்த்தது. இரண்டாம் நாள் ஓரிடத்தில் இருக்கவில்லை, நித்திரை இல்லை, யாராவது கதவைச் சாத்தினால் திடுக்கிட்டு எழும்பினார். நான் பயந்துபோய்ப் பெரியத்தானிடம் சொன்னேன். "உடம்பில இருந்து குடி இறங்குது பிள்ளை. இறங்கேக்க அப்பிடித்தான் இருக்கும்" என்றார். ஏதோ முதுநிலைப் பட்டம் வாங்கினவர் மாதிரிச் சொன்னார். நானும் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலைப் பூசைக்குப் பூ கொண்டுபோனேன். மடத்துக்குள் ஒரே கூட்டம், ஒரே கற்பூரப் புகை. நடுவில் என் வீட்டுக்காரர். உடம்பு முழுக்க உதறுகிறது. கண் சிவந்து எங்கேயோ பார்க்கிறது. இரண்டு கையையும் வீசி வீசி எதையோ கலைக்கிறார்.

"குருவி... விதைப்பு முழுக்கப் போகுது... கலையுங்கோ" என்று கத்துகிறார்.

எனக்கு விளங்கிவிட்டது. மனிதன் தன் வயலுக்குள் நிற்கிறார். கோயிலில் இருக்கிற நினைவே இல்லை. பெரியத்தானுக்கு அது வேறு மாதிரி விளங்கியது. "பறவை தெரியுதாம். மயிலும் சேவலும்தான் அது. முருகன் வந்திட்டான்" என்று சனத்துக்குச் சொல்லிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். சந்தனம் பூசினார்கள். மாலை போட்டார்கள். மற்ற நாட்களில் சாராய நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற ஒருத்தி, அவர் காலில் விழுந்து, "ஐயா, என்ர மகளுக்கு எப்ப கலியாணம் சரிவரும்?" என்று கேட்டாள்.

"முதல்ல வரம்பைக் கட்டு" என்றார் இவர்.

அவள் கண்ணீர் விட்டுக் கும்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், இவளுக்கு மாப்பிள்ளை தேவையாம்.

நான் கிட்டப் போய் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. "அத்தான், இவருக்கு வருத்தம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"உனக்கென்ன விசரே? சாமி வந்த ஆளுக்கு ஊசி போடுறதோ? காப்பு அவிழ்க்காமல் கோயில் வாசலைத் தாண்டினா குடும்பத்துக்கே கூடாது."

ஐயரைப் பார்த்தேன். அவர் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி துடைக்கிற நேரமா அது? நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் என்னைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அப்போது கஜன் வந்து என் பக்கத்தில் நின்றான். பிள்ளையின் முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, அப்பா என்னைப் பாத்து ஆரெண்டு கேக்கிறார்" என்றான்.

சனத்தை விட்டுவிட்டு நேரே மூலஸ்தானத்துக்கு முன்னால் போனேன். விழுந்து கும்பிடவில்லை. நின்றபடியே கேட்டேன். "முருகா, நீ அவரில ஏறியிருந்தா இப்பவே இறங்கு. ஏறேல்லையெண்டா இந்தச் சனத்துக்குப் புத்தியைக் குடு. ரெண்டும் உன்னால ஏலாதெண்டா சொல்லு, நான் இனி உன்ர வாசலுக்கு வரமாட்டன்." இதுதான் நான் வைத்த பிரார்த்தனை. இதைவிட மரியாதையாகக் கேட்க எனக்கு அன்று நேரம் இருக்கவில்லை.

தீபம் அசையவில்லை, பூ விழவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரும்பி மடத்துக்கு நடந்தேன். பெரியத்தான் இன்னும் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய்த் தூணில் அடித்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"விலகடா. என்ர பிள்ளைக்கு வருத்தம். வேல் பிடிக்கிற கை நடுங்குமோடா? கொண்டுபோ ஆசுப்பத்திரிக்கு."

கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து பெரியத்தானுக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அவரை அடா என்றேன். என் தலைமயிர் எப்போது அவிழ்ந்தது என்று தெரியாது. ஒரு கிழவி "அம்மா" என்று என் காலில் விழுந்தா. அவாவைப் பார்த்து மற்றவர்களும் கும்பிட்டார்கள். அதுவரை எனக்கு விசர், பைத்தியம் என்ற பெரியத்தான் கைகூப்பி, "உத்தரவு அம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் ஓட்டோவை எடுக்க ஓடினார்.

எனக்குச் சாமி வந்ததா? பலர் கேட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது கோபம். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்ததுகூட எனக்கு நினைவிருந்தது. ஆனால் வீட்டுக்காரரைப் பிள்ளை என்றதையும், வேல் பிடிக்கிற கை நடுங்குமா என்ற கேள்வியையும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என் சொல்லுக்கு அசையாத சனம் அந்தச் சொல்லுக்கு அசைந்தது. கோபத்தையும் அவன்தானே தருகிறான்.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் எங்களைப் பார்த்தது வவுனியாப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. முக்காட்டோடு, சின்ன வயது டொக்டர். சந்தனமும் மாலையுமாக ஒரு மனிதன், பின்னால் திருநீறு பூசின பட்டாளம். அந்தப் பிள்ளை எதற்கும் மிரளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"இவர் கடைசியா எப்ப குடிச்சவர்?"

பெரியத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "அவர் விரதகாரர் டொக்டர். மூண்டு நாளா ஒரு சொட்டுத் தொடேல்லை."

"ஐயோ" என்றுவிட்டு டொக்டர் தாதிமாரைக் கூப்பிட்டா. ஊசி, சேலைன், கட்டிலோடு கையைக் கட்டுதல் எல்லாம் மளமளவென்று நடந்தது. பிறகுதான் என்னிடம் வந்து விளங்கப்படுத்தினா. குடி மூளைக்கு ஒரு பிரேக் மாதிரியாம். வருடக்கணக்காகப் பிரேக்கை மிதித்து வைத்தால், மூளை அதற்கு எதிராக வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பழகிவிடும். திடீரென்று பிரேக்கை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். நடுக்கம், காய்ச்சல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, கடைசியில் சாவு.

"விடச் சொல்லுறது சரிதான் அக்கா. விடத்தான் வேணும். ஆனா இவ்வளவு காலம் இப்பிடிக் குடிச்ச ஆள் ஒரேயடியா வீட்டிலயோ கோயிலிலயோ இருந்து விடக் கூடாது. இஞ்ச வந்து மருந்தோட விடவேணும். நாளைக்குக் கொண்டுவந்திருந்தா நான் ஒண்டும் செய்திருக்க ஏலாது."

இத்தனை வருடமும் நான் கேட்டதே அவர் குடியை விடவேண்டும் என்றுதான். விட்டார். விட்டது அவரைக் கொல்லப் பார்த்தது. கேட்கிறதையும் விபரமாகக் கேட்கவேண்டுமோ? இவ்வளவு பெரிய சாமிக்கு இதுகூடத் தானாக விளங்காதா?

உயிர் தப்பியது. காய்ச்சலும் நடுக்கமும் இறங்கின. ஆனால் ஆள் திரும்பி வரவில்லை. என்னை மட்டும் தெரிந்தது. எங்கேயோ போய்விட்ட தன் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டார். மாமனார் செத்துப் பல வருடம். கஜனைப் பார்த்து, யாருடைய பிள்ளை என்று தெரியாமல், "இந்தப் பொடியன் ஆற்ற?" என்றார். காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்து, வேறு ஏதோ சாப்பிட்டதாகக் கதை சொன்னார். சோறு தின்னாமல் குடித்தே கிடந்ததால் உடம்பில் வைட்டமின் பி ஒன்று வற்றிப்போனதாம். விரதம் மிச்சத்தையும் முடித்துவிட்டது. அந்த ஊசியைத்தான் விடாமல் போட்டார்கள். எவ்வளவு ஞாபகம் திரும்பும் என்று இப்போது சொல்ல ஏலாது என்றா டொக்டர்.

"எல்லாரும்தானே குடிக்கினம். இவருக்கு மட்டும் ஏன் இப்பிடி?" என்று ஒருநாள் வார்ட்டில் கேட்டேன். எந்த வயதில் தொடங்கினவர் என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டா. பதினைந்து என்றேன். தலையை ஆட்டினா. மூளை வளர்ந்து முடிய இருபது வயதும் தாண்டி இன்னும் கொஞ்சக் காலம் எடுக்குமாம். 'போதும், நிறுத்து' என்று சொல்கிற முன்பக்க மூளைதான் கடைசியாக முற்றுமாம். அது முற்றுவதற்கு முன்னமே குடி பழகினவருக்குப் பிறகு நிறுத்துவது மற்றவர்களைவிடக் கஷ்டம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் மோசம். தாய் குடிப்பது பிள்ளைக்கும் போகும், அங்கே மூளை கட்டப்படுகிற நேரம், பழுதானால் ஆயுளுக்கும் பழுது. வயது போனவர்களுக்குக் கொஞ்சமே காணும், தடுமாறி விழவும் எல்லாம் மறக்கவும்.

நான் படித்தது கொஞ்சம். ஆனால் இது எனக்கு நெல்லாக விளங்கியது. முளையில் வெள்ளம் நின்றால் விதை அழுகும். கதிர் உள்ளே திரளுகிற குடலைப் பருவத்தில் கேடு வந்தால் பயிர் பச்சையாகத்தான் நிற்கும், கதிர் வந்த பிறகுதான் உள்ளே மணி இல்லாத சப்பி என்று தெரியும். அறுவடை நேரத்து மழை விளைந்து நின்றதையே சாய்த்துவிடும். வயல் செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். வரம்பில் இருந்துகொண்டு இதைக் கதைத்துக் கதைத்தே பொடியனுக்குக் கள் ஊற்றுவார்கள்.

என் மாமியார் நான் கஜனை வயிற்றில் வைத்திருந்தபோது, "உடம்புச் சூட்டுக்கு நல்லது, பிள்ளை வெள்ளையாப் பிறக்கும்" என்று கள்ளைக் கொண்டுவந்து நீட்டினவா. மணத்துக்கே சத்தி வந்தது. அவாவின் சேலையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். மருமகளுக்குப் பவிசு என்று ஏசினா. அன்றைக்கு என் வயிற்றைப் பிரட்டினவன் முருகன்தான் என்று ஆசுப்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாமனார் கடைசிக் காலத்தில் தன் வளவுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்பார். வயது போனால் அப்படித்தான் என்று சொல்லி, கை நடுக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள் பெற்ற மக்கள். ஒரு வீட்டுக்குள் எல்லாப் பருவத்திலும் கேடு. அதற்குப் பெயர் உடம்புச் சூடு, அலுப்பு, வயது.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மார்கழி முழுக்க மழை. அவர் கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கஜன் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால், "நல்ல பிள்ளை, ஆற்ற மகன் நீ?" என்பார். பொடியன் பதில் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நிற்பான். அவன் அழுவதை நான் பார்க்கக் கூடாதாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சொல்வார்கள். வேல் வைத்திருக்கிறவனே, போதும் நிறுத்து என்று ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது ஏசினேன். "காசு பணம் கேக்கேல்லை. அந்தப் பிள்ளையை அவருக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்" என்றேன். மருந்தும் முட்டையும் பயறும் நேரத்துக்குக் கொடுத்தேன். விபரமாகக் கேட்கவும் கற்றுக்கொண்டேன்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பெரிய சத்தம்.

"கஜன். எடேய் கஜன். மண்வெட்டியை மழைக்க போட்டிட்டு எங்கையடா போனனி? உன்ர கொப்பனோ வந்து எடுத்து வைக்கிறது?"

கையில் மீனோடு ஓடினேன். அவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்று ஏசுகிறார். கஜன் வாசல் கேட்டடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான், முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு பிள்ளை தகப்பனிடம் ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்டதை நான் கண்டதில்லை. நான் படியில் இருந்து வாய்விட்டு அழுதேன். மீனைப் பூனை கொண்டுபோனது. கொண்டுபோகட்டும் என்று விட்டேன். முருகா, நன்றி என்றேன். அன்றைக்கு ஏசவில்லை.

எல்லாம் திரும்பவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கும் கிழமை மாறிப்போகும். கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவார். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார், சோறும் கேட்டு வாங்குகிறார். போன சஷ்டிக்கு உபவாசம் வேண்டாம் என்று டொக்டர் சொன்னதால் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார். சில பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். முருகன் சுளிக்கவில்லை.

இந்த மாசியில் எங்கள் வயலில் அறுவடை. வெட்டு முடிந்த கையோடு பெரியத்தான் ஒரு போத்தலோடு வந்தார். எத்தனை பட்டாலும் சிலருக்குப் புத்தி வராது. கஜனுக்கு இப்போது பதினெட்டு. அன்று முழுக்க வெயிலில் மூட்டை தூக்கினவன். பெரியத்தான் ஒரு கோப்பையில் ஊற்றி அவனிடம் நீட்டி, "ஆம்பிளையாயிட்டாய், அலுப்புக்கு ஒரு மிடறு எடு" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். எனக்கு முந்தி என் வீட்டுக்காரர் எழும்பி வந்து அந்தக் கோப்பையை வாங்கினார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் அதை அப்படியே வரம்பில் கவிழ்த்தார்.

"அவன்ர தலை இன்னும் முத்தேல்லை அண்ணை. விடுங்கோ" என்றார்.

அன்று காலை என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. இது தெரிந்திருந்தது. முருகன் எதைத் திருப்பித் தருவது, எதை வைத்துக்கொள்வது என்று பார்த்துத்தான் தந்திருக்கிறான்.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் குடியை விடவேண்டும் என்று நீங்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். விடாமல் கும்பிடுங்கள். பயப்படாமல் ஏசியும் கும்பிடுங்கள், அவன் கோபிக்கமாட்டான். ஆனால் அவர் விடுகிறேன் என்று சொல்கிற அன்றைக்கு, காப்புக் கட்டுவதற்கு முன் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே முக்காடு போட்ட ஒரு பிள்ளை "கடைசியா எப்ப குடிச்சவர்?" என்று கேட்டால், கேட்பது யார் என்று எனக்குத் தெரியும். நீங்களும் நம்பிப் பதில் சொல்லுங்கள்.